ஏழாவது டேக்கில் கை வெளியே போகவில்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பெரிய பொய் இல்லை. இரண்டெழுத்து, ஆளுக்கொரு புள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 11.52-க்கு, மயிலாப்பூரில் ஒரு மாடி ஹாலில், கட்டம் போட்ட தாளில் நீல ஜெல் பேனாவால் எழுதினேன்: என்.ஜி.

(என்.ஜி. என்றால் இந்த டேக் ஆகாது என்று அர்த்தம். படப்பிடிப்பில் ஒவ்வொரு டேக்கும் முடிந்தவுடன் ஒருவர் தாளில் குறிக்க வேண்டும். எந்த ஷாட், எத்தனையாவது டேக், என்ன நேரம், ஓகேவா என்.ஜி.யா, கடைசிக் கட்டத்தில் குறிப்பு. இதற்கு லாக் என்று பெயர். எங்கள் படத்தில் அந்த ஒருவர் நான்.)

எனக்கு எல்லாவற்றுக்கும் நேரம் போட்டு எழுதும் பழக்கம். டைரியில் காப்பி குடித்ததற்குக்கூட நேரம் இருக்கும். அதனால்தான் லாக் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வேறு எதற்கும் என்னை

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் முதல் பக்கத்திலேயே உங்களிடம் இரக்கம் கேட்டதாகிவிடும்.)

2

நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"அனுப்ரியா காரிலிருந்து இறங்கி, கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு"

விட்டுவிட்டேன். அனுப்ரியாவிடம் கார் கிடையாது. கே.கே. நகரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். உட்கார இடம் கிடைத்த நாளில் அதை ஒரு செய்தியாகச் சொல்வாள்.

"அடையாறில் மூன்று மாடி வீடு. ஐந்து வயதிலிருந்து நடன வகுப்பு. எங்களைப் போன்றவர்களை அவள்"

இதுவும் இல்லை. அவள் அப்பா சினிமாவில் குரூப் டான்ஸர். முப்பது வருடமாகக் கோடம்பாக்கத்தில் பாட்டுக்குப் பாட்டு பின்னால் நின்று ஆடியவர். பெயர் சின்னப்பையன், வயது ஐம்பத்து நான்கு. ஒருமுறை போனில் ஒரு பாட்டை ஓட்டிக் காட்டி, "அப்பாவ கண்டுபுடி பாப்போம்" என்றாள். நான் தேடித் தோற்றேன். மூன்றாவது வரிசை, மரத்துக்குப் பின்னால், ஒரு முழங்கை. அந்த முழங்கைதான் அப்பா.

"அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை."

வகுப்பின் முதல் நாள் தன் சுண்டல் பொட்டலத்தை இரண்டாகக் கிழித்து, மாங்காய்த் துண்டு இருந்த பாதியை எனக்குத் தந்தவள் அவள்.

மூன்று தொடக்கங்களிலும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது மூன்றாவதை அடித்த பிறகு தெரிந்தது. அவள் கெட்டவளாக இருந்தால் நான் செய்தது கொஞ்சம் சின்னதாகும். எழுதுகிறவர்களுக்கு இந்த வசதி உண்டு. பொறாமைப்படுகிறவளுக்கு எழுத வராமல் இருப்பது நல்லது.

3

நான் சுந்தரவல்லி, வயது இருபத்து மூன்று. தி.நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு தெருவில் என் மாமா நல்லசிவத்தின் சேலைக்கடை இருக்கிறது. அங்கே என் வேலை விற்பது அல்ல, மடிப்பது.

கல்யாண வீட்டார் வந்தால் நாற்பது, ஐம்பது சேலை விரிப்பார்கள். மூன்று எடுப்பார்கள். மிச்சத்தை மடிக்க வேண்டும். அதுவும் பழைய மடிப்பின் மேலேயே. ஒரு விரல் விலகினாலும் புதுக் கோடு விழும். அடுத்து வருகிறவர்கள் யாரோ கழித்துப்போட்ட சேலை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நான் மடித்த சேலையை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

பட்டுச் சேலையை இரண்டு பேர் மடிப்பதுதான் வழக்கம். நான் தனியாக மடிப்பேன். ஒரு விளிம்பை மோவாயால் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, கைகளை முடிந்தவரை விரித்து, மடக்கி, முன்கையால் ஒரு நீவு, உள்ளங்கையால் ஒரு தட்டு. காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை நின்றபடி. நாற்காலி இருக்கிறது, கடைகளில் போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது மாமா வாங்கிப் போட்டார். அதில் சேலைகள் உட்கார்ந்திருக்கின்றன.

திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறரைக்கு மயிலாப்பூரில் வகுப்பு. நடனத்தைப் படமாக எடுக்கும் ஆறு மாதப் படிப்பு. வசனம் கூடாது, கதை சொல்லக் கூடாது, உடம்பு மட்டும். முதல் மாதத்திலேயே எல்லோரும் தங்கள் உடம்பிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார்கள். ஒருத்தி தன் வயிற்றில் இருந்த பிரசவக் கோடுகளை எடுத்தாள். இரண்டு பையன்கள் ஒரே சட்டைக்குள் நுழைந்து சண்டை போட்டார்கள். என்னிடம் காட்ட ஒன்றுமில்லை என்று டைரியில் எழுதினேன். தேதியும் நேரமும் இருக்கின்றன, வேண்டாம்.

பக்கத்து நாற்காலி ரூஹி. ராயப்பேட்டைக்காரி. சத்தமாகச் சிரிப்பாள், கடன் வாங்கிய பேனாவைத் திருப்பித் தரமாட்டாள், என் வாழ்க்கையில் என்னைத் தோளில் அடித்துப் பேசிய முதல் சிநேகிதி. ஒரு சனிக்கிழமை அவள் அம்மா நஸ்ருன்னிசாவுடன் எங்கள் கடைக்கு வந்தாள், உறவில் ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்க. அம்மா இது பச்சையா நீலமா என்று மூன்று முறை கேட்டார்கள். ரூஹி நான் மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வல்லி, இன்னொரு வாட்டி மடி."

விரித்தேன், மடித்தேன். நான்கு முறை. அவள் போனில் எடுத்தாள்.

மாமா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, சேலை எடுக்க வந்தீங்களா, எங்க பிள்ளைய படம் எடுக்க வந்தீங்களா?" என்றார்.

"ரெண்டும்தான் அங்கிள்" என்று சொல்லிவிட்டு ரூஹி என் தோளில் அடித்தாள். "இதாண்டி என் படம்."

அன்றைய டைரி: *சனி, 5.10. ரூஹி என்னைப் பார்த்தாள்.*

(எத்தனை பேருக்கு ஒரு நாளின் டைரி ஒரே வரியில் முடியும் அளவுக்குச் சந்தோஷம் வந்திருக்கும் என்று தெரியவில்லை.)

4

திங்கட்கிழமை ரூஹி வகுப்பில் படத்தைச் சொன்னாள். மூன்று சேலைகளை ஒன்றோடு ஒன்று தைத்து ஒரே சேலையாக்குவது. ஒரு பெண் அதை மடித்துக்கொண்டே இருப்பாள், அது தீரவே தீராது. கேமராவும் எடிட்டிங்கும் எங்கள் வகுப்பின் காஷிஃப். ஆடுவது அனுப்ரியா. அனுப்ரியாவுக்கு மடிக்கச் சொல்லித்தருவதும் லாக்கும் வல்லி.

வெளியே வந்து, நானே மடித்தால் என்ன என்று கேட்டேன். விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"நீ மடிச்சா வேல மாதிரி இருக்கும்டி. அவ மடிச்சாதான் டான்ஸ். கோச்சுக்காத."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் வந்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். இது புதுச் சட்டையில் எடுக்காமல் விட்ட குண்டூசி போல. அசையாமல் இருந்தால் இருப்பதே தெரியாது. அனுப்ரியாவை ரூஹி "மச்சி" என்று கூப்பிட்டபோது குத்தியது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரியாணி டப்பாவை முதலில் அவள் பக்கம் நகர்த்தியபோது குத்தியது. அனுப்ரியா இரண்டே மாலையில் மடிக்கக் கற்றுக்கொண்டாள். எனக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது.

அதைவிட மோசமான ஒன்று. அவள் சரியான கேள்வி கேட்டாள்.

"டீச்சர், மோவாய்ல புடிக்கசொல்ல மூச்ச உள்ள வச்சிக்கினு கீறியா, வெளிய உட்டுடுறியா?"

என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. எனக்கே தெரியாது. மறுநாள் கடையில் கவனித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சேலை மடித்து முடியும்வரை, ஒரு நாளில் நூறு தடவைக்கு மேல்.

அடுத்த வகுப்பில் அவளிடம் சொன்னேன்: "வெளிய விட்டுருவேன்."

(கதை 11.52-இல் எழுதிய பொய்யிலிருந்து வந்தது என்று சொன்னேன். அதைத் திருத்த வேண்டும். இதுதான் முதல் பொய். முதல் வரியை மாற்றவில்லை. நான் எப்படித் தொடங்கினேன் என்பதும் தெரியட்டும்.)

5

ஞாயிறு. மின்விசிறியை நிறுத்திவிட்டோம், ஓடினால் சேலை பறக்கும். ஹாலில் புழுக்கம். கேமரா ஸ்டாண்டில். ஜன்னல் வெயிலை அனுப்ரியாவின் முகத்துக்குத் திருப்ப காஷிஃப் ஒரு தெர்மோகோல் அட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான். ரூஹி பிரேமுக்கு வெளியே தரையில் படுத்து, சேலை தீராமல் வர, மறுமுனையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே அனுப்ரியாவை முழுதாகப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஆள்: கேமராவோடு இணைத்த சின்னத் திரைக்கு முன்னால், மடியில் லாக் தாளோடு, நான்.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அனுப்ரியா தயாராகும்வரை வெளிச்சம் பார்க்க காஷிஃப் என்னை நிற்கச் சொன்னான். கைகளை மட்டும் நெருக்கத்தில் வைத்து கேமராவை ஓட்டினான். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு மடித்தேன். இரண்டு நிமிடம். பிறகு உட்கார்ந்து தாளில் எழுதினேன்: *கை, க்ளோசப், டேக் 1, 11.05, ஓகே.*

வெளிச்சம் பார்க்க எடுத்ததை லாக்கில் ஏற்றுவது வழக்கமில்லை. ஏற்றியது பொய்யா என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை. கைகள் ஓகேயாகத்தான் இருந்தன.

அனுப்ரியாவின் ஆறு டேக்குகள் சுத்தமாக வந்தன. நான் சொல்லித்தந்தபடி மூச்சை வெளியே விட்டு, அழகாக. எனக்கு நிம்மதியாக இருந்தது. அழகாக இருந்தால் அது நான் இல்லை.

ஏழாவது. இதைக் கவனமாக எழுத வேண்டும். நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன்.

பாதியில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விளிம்பு மோவாய்க்கடியில் இருந்தது. கைகளை விரித்தாள், ஆனால் மடக்கவில்லை. அப்படியே நின்றாள். தோள்கள் இரண்டும் ஒரு விரற்கடை இறங்கின. உடம்பின் எடை வலது இடுப்புக்குப் போனது. இடது பாதம் மெதுவாக எழுந்து, வலது கணுக்காலின் பின்பக்கத்தில், மேலும் கீழுமாக, இரண்டு முறை தேய்த்தது.

அது நான். மாலை ஐந்து மணிக்கு நான். அதை அவளுக்கு நான் சொல்லித்தரவில்லை. என் கைகளைத்தான் கொடுத்தேன். கால்களை அவள் எங்கிருந்து எடுத்தாள்? யாரும் பார்க்காதபடி மேஜைக்குப் பின்னால் வைத்திருந்த என் களைப்பை, மூச்சைப் பற்றி நான் சொன்ன பொய்யையும் தாண்டிப் போய், அவள் உடம்பு எடுத்துக்கொண்டு வந்து வெயிலில் நிறுத்தியது. அவள் போட்டுக்கொண்டபோது அது எவ்வளவு நன்றாக இருந்தது என்றால்

(இல்லை. இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. இப்போதும்.)

ரூஹியின் கையிலிருந்து சேலை நழுவியது. கட் சொன்னாள். தரையிலிருந்தபடியே, "எப்டி இருந்துச்சு வல்லி?" என்றாள்.

"கை பிரேமுக்கு வெளிய போயிருச்சு."

"ச்ச. சரி, இன்னொண்ணு போலாம்."

அனுப்ரியா சேலையைக் கீழே விடாமல் என்னைப் பார்த்தாள்.

"போச்சா?"

"போச்சு" என்றேன். எழுதினேன்.

6

காஷிஃபின் கம்ப்யூட்டர் பழையது. ஓகே போட்ட டேக்குகளை மட்டும்தான் அதில் ஏற்றுவான், மற்றதெல்லாம் வகுப்பின் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்கும். ஏழாவதைத் திறந்து பார்க்கவா என்று ரூஹி ஒருமுறை கேட்டாளாம். அவன் சொன்னதை அவளே எனக்குச் சொன்னாள்: "வல்லி என்.ஜி.ன்னா என்.ஜி.தான்."

(இதைக் கேட்டபோது பெருமையாக இருந்தது. இதையும் லாக்கில் ஏற்றுகிறேன்.)

படத்தில் எட்டாவது டேக் வந்தது. நடுவே, லாக்கில் ஓகே போட்டிருந்ததால், என் கைகள் வந்தன. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே பெண்.

7

போன சனிக்கிழமை மாலை, அடையாறில் ஒரு சின்ன அரங்கத்தில் திரையிட்டார்கள். ஆறு படங்கள், எங்களுடையது நான்காவது. அனுப்ரியாவின் அப்பா சின்னப்பையன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். முன்வரிசை காலியாக இருந்தும் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார்.

(இதை நான் கற்பனையாகச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அடித்திருப்பேன்.)

படம் முடிந்ததும் ஒரு அம்மாள் எழுந்து பேசினார். நடனம் நன்றாக இருந்தது, ஆனால் தன்னால் மறக்க முடியாதது அந்தக் கைகள்தான் என்றார். பத்து வருடம் கடையில் நின்ற கைகள் மாதிரி இருந்தன, இந்த வயதில் இந்தப் பெண்ணுக்கு அது எப்படி வந்தது என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். ரூஹி அனுப்ரியாவின் முன்னால் மைக்கை நீட்டினாள். அனுப்ரியா தன் கைகளைக் குனிந்து பார்த்தாள்.

"வல்லி சொல்லிக்குடுத்தது" என்றாள்.

என் பக்கமும் கொஞ்சம் கைதட்டல் வந்தது. சொல்லிக்கொடுத்தவர்களுக்கு வரும் அளவு.

அவை என் கைகள் என்று எழுந்து சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் ரூஹி நம்பமாட்டாள், காஷிஃபை டிஸ்க்கைத் திறக்கச் சொல்வாள். திறந்தால் அன்றைய டேக்குகள் எல்லாம் வரிசையாக இருக்கும். என் கைகளை நான் கேட்டு வாங்க வேண்டுமென்றால் அவளுடைய ஏழாவதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எழுந்திருக்கவில்லை. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு, இரண்டு நாற்காலி தள்ளி, வேறொருத்தியின் மடியில் இருந்தது.

8

பஸ் நிறுத்தத்தில் நானும் அனுப்ரியாவும். அவள் அப்பா டீ வாங்கப் போயிருந்தார்.

"அந்தக் கை என்னுது இல்ல வல்லி. உன்னுது."

வெளிச்சம் பார்க்க எடுத்ததைக் காஷிஃப் போட்டுவிட்டான் என்றேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. மேடைல சொல்லலாம்னு பாத்தேன், ரூஹி மூஞ்சப் பாத்தா பாவமா இருந்துச்சு. அவளுக்குத் தெரியாது போல." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "ஏழாவது இன்னா ஆச்சு?"

"கை வெளிய போச்சுல்ல."

"கை போனா எனக்குத் தெரியும். எங்கப்பா சொல்லிக்குடுத்ததுல உருப்படி அது ஒண்ணுதான். கேமரா எங்க முடியுதுன்னு முதுகுக்குத் தெரியணும்பாரு. மூணாவது வரிசைல நிக்கிறவனுக்கு அதான் பொழப்பு, ஒரு அடி தள்ளி நின்னா ஆளே இல்ல. அன்னிக்கு நான் உள்ளதான் இருந்தேன்னு நெனச்சேன். உள்ள இன்னாவோ நடந்துச்சு வல்லி. அப்பாகிட்ட கூட சொன்னேன், ஏழாவது வரும் பாருன்னு. இன்னிக்குப் பாத்துட்டு ஒண்ணுமே பேசல." பிறகு கேட்டாள்: "ஒடம்பு பொய் சொல்லுமா?"

சொல்லாது, நான்தான் சொன்னேன். இதுதான் அங்கே வர வேண்டிய வசனம். மூன்று வரைவுகளில் இதை எழுதிப் பார்த்தேன், நன்றாகவும் இருந்தது. நான் உண்மையில் சொன்னது:

"சில நேரம் நமக்கு அப்படித் தோணும்."

அவள் தலையாட்டினாள். எவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாள் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

ஒரு நடனப் பள்ளியில் முழுநேரமாகச் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாளே, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒரு நிமிடம் ஆடியதை வெட்டாமல் அனுப்ப வேண்டும், அடுத்த சனிக்கிழமை கடைசி நாள் என்றாள்.

"அந்த மாரி ஒரு நிமிஷம் எங்கிட்ட எங்க கீது? அப்பா டான்ஸர் யூனியன் கார்டு எடுத்துத் தரேங்கறாரு. மூணாவது வரிசைல எடம் கீதாம்."

சிரித்தாள். அவள் அப்பா மூன்று காகிதக் கோப்பைகளோடு வந்தார். ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, எங்களுக்கு ஓரடி பின்னால், சற்று இடப்பக்கம் தள்ளி, தானாகவே போய் நின்றுகொண்டார்.

9

இன்று வியாழன். நாளை படிப்பு முடிகிறது. ஆறரைக்கு வகுப்பு. ஒவ்வொருவரும் தங்கள் படத்தின் வேலைக் குறிப்பேட்டை எட்டரைக்குள் வகுப்பு நடத்தும் சண்முகவடிவு மேடத்திடம் கொடுக்க வேண்டும். கொடுத்தவுடன் அவர் அங்கேயே சத்தமாக வாசிக்கச் சொல்வார். அடுத்த குழுவுக்காக ஏழேகாலுக்குக் காஷிஃப் ஹார்ட் டிஸ்க்கை அழிக்கிறான். என் பையில் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் லாக்கோடு ஒத்துப்போகும் சுத்தமான குறிப்புகள். இன்னொன்று இது.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒரு முடிவில், காஷிஃபிடம் வேறு ஏதோ காரணம் சொல்லி ஏழாவதைப் பென் டிரைவில் ஏற்றி, யாருக்கும் தெரியாமல் அனுப்ரியாவின் பையில் போட்டுவிடுகிறேன். அவளுக்கு டேக் கிடைக்கிறது, என் பெயரும் பிழைக்கிறது. எழுதும்போது பிடித்திருந்தது. வாசித்தபோது, பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. அவள் கேட்ட கேள்வி அப்படியே இருக்கும். உடம்பு சொன்னது சரி, சொன்னவள்தான் பொய் என்பதை அந்தப் பென் டிரைவ் அவளுக்குச் சொல்லாது.

இன்னொரு முடிவில் எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். ரூஹி அழுகிறாள், அனுப்ரியா என்னைக் கட்டிக்கொள்கிறாள், அந்தக் கைகள் வல்லியுடையவை என்று யாரோ

இதை ஏன் நிறுத்தினேன் என்று உங்களுக்கே தெரியும். மன்னிப்புக் கேட்கும் காட்சியிலும் கைதட்டலை எனக்கு வரவழைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது முடிவுக்கு நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஏழேகால் ஆகும். அதற்குப் பிறகு ஏழாவது டேக்குக்கு உலகத்தில் இருக்கும் ஒரே நகல் இந்தக் கதையின் ஐந்தாம் பகுதி. எழுதியது நான் என்பதால் யாரும் நம்பத் தேவையில்லாத நகல். தோள், இடுப்பு, பாதம், இரண்டு முறை. அவள் அதை விண்ணப்பத்தோடு அனுப்ப முடியாது.

உண்மையைச் சொன்னால், மூன்றில் இதைத்தான் நான் வேகமாக எழுதி முடித்தேன். நான்கு நிமிடம்.

10

நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் எந்த நோட்டைக் கொடுத்தேன் என்பது தெரிந்துவிட்டது. அதற்காக என்னைப் பற்றி நல்லதாக நினைத்துவிடாதீர்கள். கொடுத்தேன் என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். ஏழு மணிக்குக் கொடுத்தேனா, எட்டேகாலுக்கா என்பது தெரியாது. இரண்டிலும் இதே வார்த்தைகள்தான் இருக்கும், ஒரு எழுத்துகூட மாறாது. ஏழு மணிக்கு என்றால் அனுப்ரியா ஒரு நிமிடத்தை வெட்டாமல் அனுப்பியிருப்பாள். எட்டேகாலுக்கு என்றால், நன்றாக எழுதியிருக்கிறாய் என்று மேடம் என்னைப் பாராட்டியிருப்பார்.

எனக்கு எது பிடிக்கும் என்று இவ்வளவு தூரம் வந்த உங்களுக்குத் தெரியும். எதைச் செய்வேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. திருத்திய லாக்கைக் கீழே எழுதிவிட்டேன். ஒரு கட்டத்தை மட்டும் விட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் நேரம் போடுகிறவள் இதற்குப் போடவில்லை. பென்சிலால் எழுதுங்கள்.

ஷாட் 3. டேக் 7. நேரம் 11.52. ஓகே.
குறிப்பு: கை வெளியே போகவில்லை.
திருத்தியவர்: சுந்தரவல்லி.
கொடுத்த நேரம்: வெள்ளி, மாலை ________